பால் நிறுவைப் புத்தகத்தின் வெற்றுக் கட்டங்களுக்கு எந்தக் குறியை இடுவது?

கிராணிமகள் (சுங்கை சிப்புட், பேராக்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பழைய ஸ்டோரைக் காலி செய்தபோது, எரிக்க வைத்திருந்த பால் நிறுவைப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பகுதி நேரமாகப் புள்ளியியல் படித்து வரும் நான், அவற்றை ஒவ்வொரு பக்கமாகக் கணினியில் ஏற்றி, மழைக்கும் பால் அளவுக்கும் உள்ள தொடர்பை ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஆராயலாம் என்று தொடங்கினேன்.

ஒரு பக்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளர்களின் எண்கள் இடப்பக்கம் கீழ்நோக்கி வரும். மாதத்தின் நாள்கள் மேலே குறுக்கே வரும். கட்டத்துக்குள் அன்றைய பால் எடை கிலோவில் இருக்கும். எண் இல்லாத கட்டங்கள்தாம் என்னைத் தடுமாற வைக்கின்றன. சிலவற்றில் சிறு கோடு உள்ளது, சிலவற்றில் சுழியம், சிலவற்றில் ‘ம’ என்ற எழுத்து, சிலவற்றில் ‘வ.இ’, சிலவற்றில் எதுவுமே இல்லை.

முதலில் தட்டச்சு செய்தபோது இவை எல்லாவற்றுக்கும் -99 என்று போட்டுவிட்டேன். எடை ஒருநாளும் எதிர்மறையாக இருக்காது, ஆகவே தவறு நேர்ந்தாலும் உடனே கண்ணில் படும் என்று நம்பினேன். அது படவில்லை. ஒரு தொழிலாளருக்கு ஓராண்டில் எடை பதிவான நாள்கள் 280. சராசரி 15 கிலோ. அப்படியானால் மொத்தம் 4,200 கிலோ. அவருக்கு எடை இல்லாத கட்டங்கள் ஐந்துதான். அந்த ஐந்து -99களும் சேர்ந்து 495 கிலோவைக் கழித்துவிட்டன. 3,705ஐ 285ஆல் வகுத்தால் சரியாக 13 வருகிறது. பால் வெட்டுபவருக்கு 13 கிலோ என்பது யாரும் சந்தேகப்படாத எண். மிகக் குறைந்த மதிப்பு எது என்று தற்செயலாகக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் இரண்டு வாரக் கணக்கு அந்தச் சராசரிகளின் மேல் ஏறி நின்றது.

இப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கட்டங்களுக்கு எந்தக் குறியை இடுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மழைமானி எழுதியது:

வணக்கம் தங்கை. நீங்கள் போட்ட -99 நீங்கள் கண்டுபிடித்த தவறன்று; அதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. பழைய தரவுக் கோப்புகளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இத்தனை எழுத்து அகலம் என்று வகுத்து வைப்பார்கள். அந்த அகலத்துக்குள் எண் மட்டுமே வரலாம், எழுத்து வந்தால் நிரல் நின்றுவிடும். அதனால் கிடைக்காத மதிப்புக்கும் ஓர் எண்ணையே தேட வேண்டியிருந்தது. நடக்கவே முடியாத எண்ணாக இருக்கட்டும் என்று கட்டத்தை ஒன்பதுகளால் நிரப்பினார்கள். உலக வானிலை நிலையங்களின் அன்றாடப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜிஎச்சிஎன்-டெய்லி தொகுப்பில் இன்றும் விடுபட்ட மதிப்பு -9999 என்றே குறிக்கப்படுகிறது.

நான் மழைப் பதிவுகளோடு பழகுகிறவன் என்பதால் இதில் உள்ள ஒரு பள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொகுப்பில் மழை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காக எழுதப்பட்டிருக்கும். 254 என்றால் 25.4 மில்லிமீட்டர். நம்மில் பலர் கோப்பைத் திறந்தவுடன் முழு நெடுவரிசையையும் பத்தால் வகுத்துவிட்டு, அதன் பிறகு ‘-9999 உள்ள வரிசைகளை நீக்கு’ என்று எழுதுகிறோம். அதற்குள் -9999 எல்லாம் -999.9 ஆகிவிட்டது, நீக்குவதற்கு ஒன்றும் அகப்படாது, நிரல் எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடி முடியும். எண்ணாக உள்ள குறி, எண்ணுக்குச் செய்யும் எல்லாவற்றுக்கும் உடன்பட்டு உருமாறிக்கொண்டே போகும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

நெடுவரிசை எழுதியது:

மழைமானி அண்ணா சொன்னதை ஒட்டி, ஆர் மொழி இதை எப்படிக் கையாள்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் கேள்வி கேட்டவர் அதில்தான் வேலை செய்கிறார்.

ஆர் மொழியில் விடுபட்ட மதிப்புக்கு என்ஏ என்ற தனிக்குறி மொழிக்குள்ளேயே உள்ளது. அதன் குணம் பிடிவாதம். ஒரே ஓர் என்ஏ இருந்தாலும் கூட்டுத்தொகையும் சராசரியும் என்ஏ என்றே வரும். ‘விடுபட்டவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடு’ என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால்தான் எண் கிடைக்கும். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் உங்கள் 13 கிலோ சராசரி இந்தப் பிடிவாதத்தின் முன்னால் பிறந்தே இருக்காது.

ஒன்றுக்கு ஒன்று சமமா என்று கேட்கும் இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். எடை என்ஏவுக்குச் சமமா என்று கேட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. என்ஏ என்றே வரும். தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்குச் சமமா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அந்த விடை நேர்மையானது. இதற்கென்று இஸ்.என்ஏ என்ற தனிச் செயற்கூறு உள்ளது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் உள்ள வரிசைகளைச் சதுர அடைப்புக்குறி கொண்டு எடுத்தால், எடை தெரியாத வரிசைகளும் முழுக்க என்ஏவாக நிரம்பி வெளியே வந்து நிற்கும். அவற்றைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

என்ஏ வேறு, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வரும் ‘எண் அல்லாதது’ வேறு. பின்னதைத் தமிழில் எழுத்துக்கூட்டினால் ‘நான்’ என்று படிக்க நேர்வதால் நான் ‘நேன்’ என்று எழுதுகிறேன். நேன் என்பது 1985இல் வந்த, கணினியில் தசம எண்களை எழுதும் முறைக்கான ஐட்ரிபிள்ஈ 754 தரத்தில் உள்ளது. கணக்கு பொருளற்றுப் போனதன் அடையாளம் அது. என்ஏ என்பது மதிப்பு ஒன்று இருந்திருக்கலாம், நம் கையில் இல்லை என்பதன் அடையாளம். உள்ளே பார்த்தால், தசம எண்களுக்கான என்ஏவும் ஒருவகை நேன்தான். அதன் பிட்டுகளுக்குள் 1954 என்ற எண்ணைப் பொதிந்து வைத்து ஆர் அதை அடையாளம் காண்கிறது. முழு எண்களில் அந்த வசதி இல்லாததால், மிகச் சிறிய முழு எண்ணான -2147483648 என்ஏவுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆக, அடித்தளத்தில் ஆர் செய்ததும் நம் முன்னோர் -9999 கொண்டு செய்ததும் ஒரே வேலைதான். ஆனால் அந்த எண்ணை வைத்து நாம் கூட்டவோ பெருக்கவோ முடியாதபடி மொழி காவல் காக்கிறது. அந்தக் காவல்தான் வேறுபாடு.

பழைய_பேரேடு எழுதியது:

நான் கணக்குப்பிள்ளை வேலையில் ஓய்வு பெற்றவன். உங்கள் உரையாடலைப் படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் என்ன குறை? ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் எழுதாமல் இருப்பதைவிட உண்மையானது எது?

நெடுவரிசை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறவருக்கு, அங்கே மதிப்பு இல்லை என்பதா, தட்டச்சு செய்கிறவர் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதா என்று தெரியாது. நீங்கள் பேரேடு எழுதிய காலத்தில் வெற்று இடத்தில் கோடு போட்டு அடைத்திருப்பீர்கள் அல்லவா? பின்னால் யாரும் அதில் எண்ணை நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே? அதே காரணம்தான் இங்கேயும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆர் மொழியில் வழக்கமான முறையில் சிஎஸ்வி கோப்பைப் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) படித்தால், எண் நெடுவரிசையில் உள்ள வெற்றுக் கட்டம் என்ஏ ஆகும். எழுத்து நெடுவரிசையில் உள்ள வெற்றுக் கட்டமோ நீளம் பூஜ்யமான வெறும் சொல்லாகவே தங்கிவிடும். ஒரே வெறுமை இரண்டு நெடுவரிசைகளில் இரண்டு பொருளாகிறது.

பழைய_பேரேடு எழுதியது:

உண்மை தம்பி. கோடு போடாமல் விட்ட கட்டத்துக்கு மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன்.

துறைக்கணக்கு எழுதியது:

நான் வேலையில் சாஸ், ஸ்டாட்டா என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களையும் பயன்படுத்துகிறேன். இரண்டிலும் விடுபட்ட எண்ணுக்குக் குறி ஒரு புள்ளிதான். குறி ஒன்றாக இருந்தும் நடத்தை நேரெதிர் என்பதை எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். சாஸில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும்விடச் சிறியதாகக் கொள்ளப்படும். ஆகவே பத்து கிலோவுக்குக் குறைவாகப் பால் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டால், எடையே பதிவாகாதவர்களும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். ஸ்டாட்டாவில் அது எல்லா எண்களையும்விடப் பெரியது. இருபது கிலோவுக்கு மேல் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டால், அதே ஆள்கள் இப்போது தோட்டத்தின் மிகச் சிறந்த பால்வெட்டுக்காரர்களாகத் தெரிவார்கள்.

ஆனால் இந்த இரண்டிலும் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. புள்ளிக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்து, ஏ முதல் இசட் வரை இருபத்தாறு வகையான விடுபட்ட மதிப்புகளை வைத்துக்கொள்ளலாம். பதில் சொல்ல மறுத்தவர் ஒரு வகை, தெரியாது என்றவர் ஒரு வகை, கேள்வி பொருந்தாதவர் ஒரு வகை. கணக்கில் எல்லாமே விடுபட்டவையாகவே நிற்கும், காரணமும் அழியாது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் வேறு வழி: 97, 98, 99 போன்ற சாதாரண எண்களை நாமே ‘இவை விடுபட்டவை’ என்று அறிவிக்கலாம், தனி மதிப்புகளாகச் சொன்னால் ஒரு மாறிக்கு மூன்று வரை.

இந்த அறிவிப்பு கோப்போடு பயணம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் பிஆர்எப்எஸ்எஸ் என்ற உடல்நல ஆய்வில், கடந்த முப்பது நாள்களில் எத்தனை நாள் உடல் நலமில்லாமல் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. 1 முதல் 30 வரை நாள்கள். 77 என்றால் தெரியாது. 99 என்றால் பதில் சொல்லவில்லை. 88 என்றால் ஒரு நாளும் இல்லை. அதாவது 77ஐயும் 99ஐயும் விடுபட்டவையாக்க வேண்டும், 88ஐயோ பூஜ்யமாக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து நீக்கிவிடுகிறவர், நலமாக இருந்த அத்தனை பேரையும் ஆய்விலிருந்து வெளியேற்றிவிடுகிறார். சகோதரி, உங்கள் புத்தகத்தில் உள்ள சுழியம் எது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வெண்பலகை எழுதியது:

தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். நிரலாக்கம் அதிகம் அறியேன். ஆயினும் சுழியத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. தேர்வுக்கு வராத மாணவருக்கு நாங்கள் மதிப்பெண் பட்டியலில் டிஎச் என்று எழுதுவோம்; மலாயில் ‘திடாக் ஹாடிர்’, வரவில்லை என்று பொருள். ஒருமுறை, பட்டியலை எக்செலில் ஏற்றிய ஒருவர், எழுத்து இருந்தால் கூட்டல் வாய்பாடு பிழை காட்டுகிறது என்பதற்காக டிஎச் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட்டார். வகுப்புச் சராசரி இறங்கியது ஒருபுறம் இருக்கட்டும். டெங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்த பிள்ளையின் பெயருக்கு நேரே, கணிதத்தில் சுழியம் என்று அச்சாகி வீட்டுக்குப் போனது. அந்த அம்மா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றதை நான் மறக்கவில்லை. எழுதிச் சுழியம் வாங்கிய பிள்ளைக்கு என் உதவி தேவை. எழுதாத பிள்ளைக்கு மறுதேர்வு தேவை. ஒரே குறி போட்டால் இருவரில் ஒருவருக்கு நான் தவறான காரியத்தைச் செய்வேன்.

எக்செலில் சராசரி வாய்பாடு வெற்றுக் கட்டங்களையும் எழுத்துகளையும் தானாகவே விட்டுவிடும், 0ஐ மட்டும் எண்ணிக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். டிஎச் அப்படியே இருந்திருந்தால் சராசரி சரியாகவே வந்திருக்கும்.

செம்பனை_78 எழுதியது:

ஆலையில் நிறுவைப் பாலத்துத் தரவைப் பைத்தானில் பார்க்கிறேன். அதன் தரவுத் தொகுப்பான பாண்டாஸைப் பயன்படுத்துகிறவர்களுக்காகச் சில வரிகள். அதில் வெகுகாலம் விடுபட்ட மதிப்பாக நேன்தான் இருந்தது. நேன் தசம எண் வகை என்பதால், முழு எண் நெடுவரிசையில் ஒரு கட்டம் விடுபட்டாலும் நெடுவரிசை முழுவதும் தசமமாகிவிடும். செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரியின் சீட்டு எண் 20417 என்பது 20417.0 ஆகி, வேறொரு கோப்பிலுள்ள எழுத்து வடிவச் சீட்டு எண்ணோடு பொருந்தாமல் போய், ஒரு பிற்பகல் முழுவதும் தேடியிருக்கிறேன். 2019இல் வந்த விடுபடல் ஏற்கும் முழு எண் வகையும், 2020இல் 1.0 பதிப்போடு வந்த பிடி.என்ஏ குறியும் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் அவற்றை நீங்களாகக் கேட்க வேண்டும், தானாக வராது.

எழுத்துக் குறியை நம்புகிறவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆரும் பாண்டாஸும் கோப்பைப் படிக்கும்போது என்ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கண்டால் விடுபட்டது என்றே கொள்ளும். நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள். நாடுகளின் பட்டியலைப் படித்தால் ஒரு நாடு ஓசையின்றி மறைந்துபோகும். ஆகவே எந்த நெடுவரிசையில் எந்தச் சொல் விடுபட்டதைக் குறிக்கும் என்பதை நாமே சொல்லிப் படிக்கச் செய்வது நல்லது.

நெடுவரிசை எழுதியது:

அந்த இரண்டு எழுத்துகளில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கும் ‘பொருந்தாது’ என்பதற்கும் ஒரே சுருக்கம்தான். ஆர் மொழி முதற்பொருளில் வைத்திருக்கிறது. படிவம் நிரப்புகிறவர்களோ பெரும்பாலும் இரண்டாம் பொருளில் எழுதுகிறார்கள். நம் மலாய்ப் படிவங்களில் ‘தியாடா’ என்று எழுதுவதும் அப்படித்தான்: பொருள் இல்லையா, தகவல் இல்லையா என்று பிரித்தறிய முடியாது. தமிழில் இல்லை, தெரியவில்லை, கிடைக்கவில்லை, பொருந்தாது என நான்கும் தனித்தனிச் சொற்களாக நம் நாவில் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கோப்பில் மட்டும் நாம் ஏன் இழக்க வேண்டும்?

கிராணிமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துறைக்கணக்கு அவர்கள் சுழியத்தை உறுதிப்படுத்தச் சொன்னதால், நேற்று மாலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இப்போது கண்பார்வை மங்கல். நான் கட்டத்தைப் படிக்கப் படிக்க அவர் சொன்னார். நான் இவ்வளவு நாளும் ஒரே -99க்குள் அடைத்து வைத்தது எதை என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

‘ம’ என்றால் விடியலுக்கு முன் மழை. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு வாயில் நில்லாமல் பட்டை மேல் பரவி ஓடிவிடும் என்பதால், பெரட்டுக் களத்திலேயே (காலையில் பெயர் கூப்பிடும் இடம்) வெட்டு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘வ.இ’ என்றால் ஆள் வரவில்லை. கோடு என்றால் அவர் வந்தார், ஆனால் புல் வெட்டவோ உரம் போடவோ வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார். வெற்றுக் கட்டம் என்றால் நிறுவைச் சீட்டு ஸ்டோரிலிருந்து அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. எடை நிச்சயமாக ஒன்று இருந்தது, அது தொலைந்துவிட்டது.

சுழியத்துக்கு வந்தபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அன்றைக்கு அவர்கள் வெட்டினார்கள். இருட்டில் தலைவிளக்கோடு போய் முழு நிரையையும் வெட்டி முடித்தார்கள். பால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) இறங்கிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வாளியோடு திரும்பிப் போனால் மங்கெல்லாம் வெள்ளை நீர் வழிந்து கிடந்தது. நிறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்த நாள் அது, அதனால் ‘ம’ போட எனக்கு மனம் வரவில்லை, சுழியம் போட்டேன் என்றார்.

ஆக, அந்தச் சுழியம் உண்மையான சுழியம். நான் அதை விடுபட்டதாக்கியிருந்தால், முழுநாள் உழைப்பு ஒன்றைப் பதிவிலிருந்தே அழித்திருப்பேன்.

மழைமானி எழுதியது:

தங்கை, உங்கள் அப்பா ஐந்து குறிகளைக் கொண்டு ஒரு முழுக் குறியீட்டு முறையையே நடத்தியிருக்கிறார். அதைக் குலைக்காமல் ஏற்றுவதுதான் இனி உங்கள் வேலை.

ஒரு கேள்வி மட்டும். மரத்தின் பால் வளத்தைக் கணிக்க நினைத்தால், கழுவிப்போன நாளின் சுழியத்தைச் சேர்ப்பது சரியா? அன்று மரம் பால் கொடுத்தது அல்லவா?

கிராணிமகள் எழுதியது:

அதையேதான் இரவெல்லாம் யோசித்தேன். ஒரு நவம்பர் மாதப் பக்கத்தில் ஒரு தொழிலாளரின் வரிசையை எடுத்துப் பார்த்தேன். வேலை நாள்கள் 25. எடை பதிவான நாள்கள் 13. மொத்தம் 182 கிலோ. ‘ம’ ஆறு, சுழியம் இரண்டு, கோடு இரண்டு, ‘வ.இ’ ஒன்று, வெற்றுக் கட்டம் ஒன்று.

எடை உள்ள நாள்களுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 14 கிலோ. கழுவிப்போன இரண்டு நாள்களையும் சேர்த்தால் 12.13. மழையால் வெட்டு நின்ற ஆறு நாள்களையும் சுழியமாகச் சேர்த்தால் 8.67. எல்லாவற்றையும் சுழியமாக்கினால் 7.28. முதல் எண், நல்ல நாளில் அவருடைய மரங்கள் எவ்வளவு தந்தன என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வெட்டப் போன ஒரு நாளுக்கு அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, வெட்டுக்கென்று பெரட்டில் நின்ற ஒரு நாளுக்குத் தோட்டம் எவ்வளவு எதிர்பார்த்திருக்கலாம் என்பதைச் சொல்கிறது. நான்காவது எதையும் சொல்லவில்லை. தொலைந்த சீட்டையும், உரம் போட்ட நாளையும், காய்ச்சலில் படுத்த நாளையும் பால் தராத மரங்களாக அது ஆக்கிவிடுகிறது. ஆகவே எதைச் சுழியமாகக் கொள்வது, எதை விடுபட்டதாகக் கொள்வது என்பது நான் கேட்கப்போகும் கேள்வியைப் பொறுத்தது. தட்டச்சு செய்யும் இடத்தில் அதை முடிவு செய்துவிட்டால் மற்றக் கேள்விகளின் கதவுகள் அடைபட்டுவிடும்.

துறைக்கணக்கு எழுதியது:

சகோதரி, நீங்கள் வந்து நிற்கும் இடத்துக்குப் புள்ளியியலில் பெயர் உண்டு. டொனால்டு ரூபின் 1976இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பகுப்பு அது: மதிப்பு விடுபட்டதற்கும் அந்த மதிப்புக்கும் தொடர்பே இல்லாத நிலை, பதிவிலுள்ள வேறு தகவலைக் கொண்டு விடுபடலை விளக்கக்கூடிய நிலை, விடுபட்ட மதிப்பே விடுபடலுக்குக் காரணமான நிலை. சீட்டு யதேச்சையாகத் தொலைந்திருந்தால் முதல் நிலைக்கு அருகில் வரும். அதை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் பெரிய கேடில்லை. மழைக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை ஆராய வந்த நீங்கள் ‘ம’ நாள்களை ஒதுக்கினாலோ, மழை கடுமையாக இருந்த நாள்களையே பார்க்காமல் மழையைப் பற்றி முடிவு சொன்னவராவீர்கள். காரணத்தை எழுதி வைக்காதவர் இந்த மூன்றில் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை ஒருபோதும் அறிய மாட்டார்.

தொலைந்த சீட்டுகளும் உண்மையிலேயே யதேச்சையாகத் தொலைந்தவையா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவசரமாக மூடிய நாள்களில்தான் சீட்டு தொலையும்.

நெடுவரிசை எழுதியது:

நடைமுறைக்கு என் பரிந்துரை: இரண்டு நெடுவரிசைகள். எடை நெடுவரிசையில் எண் அல்லது என்ஏ, வேறு எதுவும் கூடாது. பக்கத்தில் ‘நிலை’ என்ற நெடுவரிசை. அதில் புத்தகத்தில் கண்ட குறி என்ன என்பதைச் சொல்லாக எழுதுங்கள். ஆர் மொழியில் ஹேவன் தொகுப்பு, சாஸின் எழுத்துப் புள்ளிகளைப் போல என்ஏவுக்கே அடையாளம் ஒட்டும் வழியைத் தருகிறது. ஆனால் அது தசம எண்களுக்கு மட்டுமே ஏற்கும், சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் உதிர்ந்துவிடும். தனி நெடுவரிசை எங்கே போனாலும் கூடவே வரும். அப்பாச்சி ஆரோ என்ற தரவு வடிவமும் இதே சிந்தனையில்தான் அமைந்தது: மதிப்புகள் ஒரு வரிசையிலும், ‘இங்கே மதிப்பு உண்டா இல்லையா’ என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட்டாக வேறொரு வரிசையிலும் நிற்கும். மதிப்பையும் மதிப்பின்மையையும் ஒரே இடத்தில் திணிப்பதால்தான் இத்தனை சிக்கலும்.

செம்பனை_78 எழுதியது:

அதோடு ஒரு காவல் நிரலும் எழுதுங்கள். எடை என்ஏவாக இருந்து நிலை வெறுமையாக இருந்தால் நிற்க வேண்டும். நிலை ‘மழை’ என்றிருக்க எடையும் இருந்தால் நிற்க வேண்டும். எடை எதிர்மறையானால் நிற்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஏற்றியவுடன் ஓட்டுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை காத்திருக்க வேண்டாம்.

வெண்பலகை எழுதியது:

நிலைச் சொற்களைத் தமிழிலேயே எழுதுவதில் தடை ஏதும் உண்டா? எங்கள் பள்ளியில் சில மென்பொருள்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும்.

நெடுவரிசை எழுதியது:

கோப்பை யூடிஎப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமித்தால் ஆர், பைத்தான் இரண்டுமே சரியாகப் படிக்கும். எக்செலில் திறக்கிறவர்கள் நேரடியாகக் கோப்பைச் சொடுக்காமல், தரவு இறக்குமதி வழியாக அந்த முறையைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். சொற்களின் எழுத்துக்கூட்டு மட்டும் மாறக்கூடாது. ‘வரவில்லை’ என்று ஓரிடத்திலும் ‘வரவில்லை.’ என்று புள்ளியோடு வேறிடத்திலும் எழுதினால் நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு காரணங்கள்.

கிராணிமகள் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். எடை நெடுவரிசையில் எண் அல்லது என்ஏ. நிலை நெடுவரிசையில் ஏழு சொற்கள்: நிறுத்தது, மழை, கழுவியது, வரவில்லை, வேறுவேலை, சீட்டில்லை, படிக்கவியலவில்லை. கடைசிச் சொல் அப்பா கேட்டுச் சேர்த்தது. கரையான் அரித்த கட்டங்களையும் மை பரவிய கட்டங்களையும் தொலைந்த சீட்டோடு சேர்க்கக் கூடாது, அங்கே நான் எழுதியிருக்கிறேன், உனக்குத்தான் தெரியவில்லை என்றார். ‘கழுவியது’ என்று வரும் இடத்தில் எடை 0; மரத்தின் பால் வளத்தைக் கணக்கிடும்போது மட்டும் நிரல் அதை என்ஏவாக மாற்றிக்கொள்ளும். இந்த விளக்கத்தை எல்லாம் ஒரு பக்க உரைக் கோப்பாக எழுதித் தரவோடு வைத்துவிட்டேன்.

தொலைந்த சீட்டுகளைப் பற்றியும் கேட்டேன். மாத முதல் வாரத்தில் சம்பளக் கணக்கு முடிக்கும் அவசரத்தில்தான் பெரும்பாலும் தொலையும் என்றார். துறைக்கணக்கு அவர்கள் ஐயப்பட்டது சரியாக இருக்கலாம்; நாளைக் கொண்டு பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

காவல் நிரல் இன்று முதன்முதலாக ஓடியது. நவம்பர்ப் பக்கத்தில் மூன்று இடங்களில் நின்றது. இரண்டு என் தட்டச்சுப் பிழை. மூன்றாவது கட்டத்தில் ‘ம’வும் இருக்கிறது, அதன் மேல் சிறிதாக 6 என்ற எண்ணும் இருக்கிறது. அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மழை விட்ட பிறகு வெயில் வந்ததும் சிலர் தாமதமாகப் போய்ப் பாதி நிரை வெட்டினார்கள், அந்த ஆறு கிலோ அதுதான் என்கிறார். எட்டாவது சொல் ஒன்று தேவைப்படுகிறது. ‘தாமதவெட்டு’ என்று வைக்கலாமா?

பழைய_பேரேடு எழுதியது:

வையுங்கள் அம்மா. அப்பாவிடம் என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.